ஆவணிக்குச் சொல்லி வைத்த மேசை

1

போன சனிக்கிழமை அண்ணையின் மகள் அபிக்குப் பத்து வயது முடிந்தது. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து நாலு பஸ் தரிப்பு தள்ளி ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மூன்று வருடமாக அவளுடைய பிறந்தநாள் அங்கேதான். சாப்பிட்டு முடிந்து எழும்பும்போது கடைப் பெண் ஒரு தடித்த கொப்பியோடு வந்தாள். அடுத்த வருடமும் இதே மேசையா என்று கேட்டாள். அண்ணை யோசிக்கவேயில்லை. பன்னிரண்டு பேர், மாலை ஆறு மணி என்றார். அவள் 1996 என்று எழுதினாள்.

எங்கிருந்து எனக்கு அந்தக் கோபம் வந்ததோ தெரியாது.

"அடுத்த வருசம் ஆர் எங்கை இருப்பினம் எண்டு உங்களுக்கு இப்பவே தெரியுமோ அண்ணை?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி பிள்ளைகளின் குளிர்ச்சட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டா. நான் அவர்களுக்கு முன்னால் வெளியே வந்து கார்களுக்கு நடுவில் நின்றேன்.

அபி பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள். "சித்தப்பா அழுகுதா?" என்றாள். அவளுடைய தமிழில் நானும் வீட்டுப் பூனையும் ஒன்றுதான். வழக்கமாகத் திருத்துவேன். அன்றைக்குத் திருத்தவில்லை.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்று கிழமைக்கு முன்னால், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. என் அம்மா இணுவிலில் தனியாக இருந்தவ. நான் கலியாணம் செய்யவிருக்கும் வதனி மருதனார்மடத்தில் இருந்தவள். இருவரைப் பற்றியும் இதுவரை ஒரு சொல் இல்லை.

அடுத்த வருடத்துக்கு மேசை சொல்லி வைத்ததற்காக அண்ணையைத் திட்டினேன் அல்லவா? நான் அதைவிடப் பெரிய வேலை பார்த்தவன். அதைத்தான் எழுத வந்தேன்.

2

நான் இங்கே ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எந்தக் கிழமை யார் பகல், யார் பின்னேரம், யாருக்கு லீவு என்று அட்டவணை போடுவது என் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே போட்டுவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்த வருடத் தொடக்கத்தில் சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்தபோது, ஆறு கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு போகிறேன். கொழும்பிலிருந்து வவுனியா, அங்கிருந்து டிராக்டர், பிறகு சைக்கிள், பிறகு கிளாலியில் கடலேரி கடக்க வள்ளம். வீட்டு வாசலில் அம்மா என்னைப் பார்த்து அழவில்லை. "தரகர் நாளைக்கு வருவார். தலைமயிரை வெட்டு" என்றா.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது ஒரு நாடகம். பெண் வீட்டுக்கு நேரே போவதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் பெண்ணுக்கு அவமானம். ஆகவே கோயில் வீதியிலோ கடையிலோ இரு பகுதியும் தற்செயலாக வந்தது போல வரவேண்டும். தெரிந்தவர்கள்கூட முகம் கொடுத்துக் கதைக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நல்ல மனதோடுதான் யாரோ இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் என்னைப் போன்ற ஒருவன் வருவான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தரகர் குறித்த இடம் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு சைவக் கடை. கீழே சாப்பாடு, மேலே ஐஸ்கிரீம். நகரத்தில் மின்சாரம் இல்லாமல் ஐந்து வருடம். அந்தக் கடையில் மட்டும் மண்ணெண்ணெய் கிடைக்கும் நாட்களில் ஜெனரேட்டர் ஓடும். அன்றைக்குத்தான் ஐஸ்கிரீம். பெண்ணின் படம் கேட்டேன். பிலிம் தட்டுப்பாடு, படம் பிடிக்கிறவர்கள் கடையையே மூடிவிட்டார்கள் என்றார் தரகர்.

"மேல்மாடியிலை, சன்னல் கரை மேசை தம்பி. வடிவாப் பாரும். ஆனாப் பாக்கிற மாதிரிப் பாக்காதையும்."

போனோம். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புகைச்சல், தூரத்தில் இருப்பது நான் காட்டினால்தான் தெரியும். தரகர் எங்களுக்குப் பின்னால் ஏறி வந்தார். சன்னல் கரை மேசையில் ஒரு குடும்பம் இருந்தது. நடுவில் ஒரு பெண் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரிப் பார்த்தேன். அவள் ஒருமுறை என்னைப் பார்த்தும் சிரித்தாள். நானும் சிரித்தேன். தரகர் நாலைந்து தரம் இருமினார். டவுன் புழுதி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்குச் சம்மதம். சிரிப்பு நல்ல வடிவு" என்றேன்.

தரகர் கதிரையில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை சிரிக்கவே இல்லையே தம்பி" என்றார்.

சன்னல் கரை மேசையை வேறு யாரோ முந்திப் பிடித்துவிட்டார்களாம். பெண்ணும் தாயும் தகப்பனும் படிக்கட்டுப் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறார்கள். மேலே ஏறியதும் அவர்களைத் தாண்டித்தான் நான் போயிருக்கிறேன். எழும்பி வந்து சொல்லவும் முடியாது, கைகாட்டவும் முடியாது, ஏனென்றால் ஒருவருக்கும் ஒருவரையும் தெரியாது! அரை மணித்தியாலம் நான் யாரோ வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரித்ததை, பார்க்க வேண்டிய பெண் இருந்து பார்த்திருக்கிறாள்.

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டா. நான் வெட்கத்தில் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

3

மூன்றாம் நாள் தரகர் ஒரு செய்தியோடு வந்தார். இனிக் கதை முடிந்தது என்றுதான் இருந்தேன்.

"பிள்ளை சொல்லிவிட்டவ" என்று தொடங்கி, மனப்பாடம் செய்தவர் போல ஒப்புவித்தார். "அண்டைக்கு அவர் என்னைப் பாக்க வரேல்லை. அதாலை அது கணக்கிலை வராது. இன்னொருக்கா வரட்டும். அதே கடை. செவ்வாய்க்கிழமை மூண்டு மணி. இந்தமுறை ஒருத்தரும் தற்செயலா வரக்கூடாது. நேரா என்ரை மேசைக்கு வந்து இருந்து கதைக்கவேணும்."

வதனி மருதனார்மடத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவள் என்று அப்போதுதான் சொன்னார். அதை முதலே சொல்லியிருக்கலாம்.

இப்போது நாள் பார்க்கும் படலம். என் விமானம் ஞாயிற்றுக்கிழமை. கிளாலி கடந்து கொழும்பு போகக் குறைந்தது மூன்று நாள். ஆகவே வியாழன் காலை வெளிக்கிட வேண்டும். கடை முதலாளியிடம் சைக்கிளில் போய்க் கேட்டேன். செவ்வாயும் சனியும்தான் ஜெனரேட்டர் ஓடும் என்றார். சனி என்றால் நான் கொழும்பில். வதனிக்குப் பள்ளிக்கூடம் இரண்டு மணிக்கு விடும். எல்லாவற்றையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பார்த்தால் அவள் சொன்ன நேரம் ஒன்றுதான் மிஞ்சியது. இதெல்லாம் அவள் முன்பே கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்கத் தொடங்கியது அந்தத் துண்டைப் பார்த்துத்தான்.

அம்மா பஞ்சாங்கத்தை விரித்தா. "செவ்வாய் மூண்டிலையிருந்து நாலரை ராகுகாலம். கலியாண விசயம் கதைக்கப் போற நேரமே உது?"

"அம்மா, வேறை நாள் இல்லை."

அம்மா கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினா. பிறகு அவவே வழி கண்டுபிடித்தா. "இரண்டு மணிக்கு வெளிக்கிடு. மூண்டுக்கு முதல் கடைக்குள்ளை காலை வை. உள்ளுக்கை இருந்து கதைக்கிறது ராகுவுக்குத் தெரியாது."

அதற்கிடையில் வேறு பயங்கள். பேச்சுவார்த்தை முறிகிறது என்று ஞாயிறு சந்தையில் ஒரு கதை. கிளாலி வள்ளங்களை நிறுத்தப்போகிறார்கள் என்று திங்கட்கிழமை ஒரு கதை. மாமா ஒருவர் வந்து, ஒரு ஐஸ்கிரீமுக்காக ஊரில் அடைபட்டுப் போகாதே, நாளைக்கே வெளிக்கிடு என்றார். வானத்தில் ஏதாவது இரைந்தால் நான் முற்றத்துக்கு ஓடினேன். அங்கேயே இருப்பவர்கள் யாரும் ஓடவில்லை.

4

செவ்வாய்க்கிழமை இரண்டே முக்காலுக்குக் கடைக்குள் காலை வைத்தேன். அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். தகப்பன் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேப்பரில் முகத்தை வைத்திருந்தார். மேலே சன்னல் கரை மேசையில் அவள் தனியாக இருந்தாள்.

"இருங்கோ. நான்தான் வதனி. பிழை விடமாட்டியள் எண்டு இந்த மேசையைப் பிடிச்சனான்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பரிசாரகர் தண்ணீர் வைத்தார், தாங்ஸ் என்றேன். கரண்டி வைத்தார், தாங்ஸ் என்றேன். கிண்ணம் வைத்தார், மறுபடியும் தாங்ஸ். அவர் பயந்துபோய் வேறு ஏதும் வேணுமோ என்று கேட்டார். அதற்குத்தான் முதல்முறை சிரித்தாள். அவள் கொஞ்சமாகத்தான் சிரிப்பாள், ஆனால் நெடுநேரம் முகத்தில் நிற்கும்.

கனடாவில் என்ன வேலை, யாரோடு இருக்கிறேன், குடிப்பேனா என்று கேட்டாள். தன்னுடைய பட்டப்படிப்பு அங்கே செல்லுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்னது நல்லது என்றாள். ஐஸ்கிரீம் உருகி முடிவதற்குள் நாங்கள் இருவரும் சம்மதம் சொல்லிவிட்டோம். அவ்வளவு எளிதாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"நாளைக்குக் காலமை எழுதிப்போட்டுப் போங்கோ."

கலியாணப் பதிவைத்தான் எங்கள் பக்கத்தில் எழுத்து என்பார்கள். "நாளைக்கோ? எப்பிடி?"

"பதிவுகாரரைக் கேட்டு வைச்சிருக்கிறன். விசேச அனுமதியிலை செய்யலாமாம். அப்பாவும் ஓம் எண்டிட்டார். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு சாட்சியும் போதும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் இப்போது தெரிகிறது. ஆனால் அங்கே இருந்தது அட்டவணை போடுகிறவன். அவனுக்கு அந்தக் கணமே எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. ஆவணியில் தொழிற்சாலை மூன்று கிழமை பூட்டு. அண்ணை குடும்பமும் வரலாம். மண்டபம் எடுக்கலாம். நல்ல முகூர்த்தம் அம்மா பார்ப்பா.

"அவசரப்பட்டு ஒளிச்சுச் செய்யிற மாதிரி என்னத்துக்கு? ஆவணியிலை வாறன். எல்லாரையும் கூப்பிட்டு வடிவாச் செய்வம்" என்றேன்.

"ஆவணிக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கு."

"பயப்பிடாதையும். இனிச் சண்டை வராது எண்டுதான் எல்லாரும் கதைக்கினம்."

"நான் பயத்திலை கேக்கேல்லை" என்றாள். குரலைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை. "இஞ்சையிருந்து ஆரும் வெளிக்கிடுறதெண்டா இயக்கத்திட்டை பாஸ் எடுக்கவேணும். ஏன், எங்கை, ஆரிட்டை எண்டு கேப்பினம். நான் உங்களிட்டை வரவேண்டி வந்தா, உங்களுக்கு நான் ஆர் எண்டு சொல்லுறது?"

நான் எழும்பிக் கீழே போனேன். முதலாளியிடம், ஆவணி முதல் ஞாயிறு மத்தியானம் மேல்மாடி முழுவதும் எங்களுக்கு வேண்டும், இருபத்தைந்து பேர், கலியாணத்துக்கு முதல் இரண்டு குடும்பமும் இருந்து சாப்பிடப் போகிறோம் என்று சொன்னேன். என் நாட்குறிப்பில் அவர் பார்க்கும்படி எழுதினேன். ரொறன்ரோவில் அப்படித்தான் செய்வோம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நாளையான் பாலுக்கே நான் சொல்லி வைக்கிறேல்லை. நீர் ஆவணிக்குச் சொல்லுறீர். வாரும், கடை இருந்தாச் சாப்பாடு இருக்கும்" என்றார்.

மேலே வந்து வதனியிடம் மேசை சொல்லியாயிற்று என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "சரி" என்றாள். அந்தச் சரியை நான் இந்த ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

5

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஒரு கிழமை ஆகவில்லை, சண்டை தொடங்கிவிட்டது. ஆவணிக்கு வாங்கிய விமானச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆனியில் வதனியை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டேன். மனைவி என்றால் ஒரு படிவம். நிச்சயித்த பெண் என்றால் வேறு படிவம், அதற்கு இரட்டிப்புக் கேள்வி. எங்கே சந்தித்தீர்கள்? ஒரு சாப்பாட்டுக் கடையில். எத்தனை தடவை? இரண்டு. முதல் சந்திப்பைப் பற்றி எழுதுக. நான் உள்ளதை எழுதினேன். சட்டத்தரணி அதை வாசித்துவிட்டுப் பேனையை வைத்தார். "முதல் சந்திப்பில் நீங்கள் வேறு ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்றேன். "இதை அனுப்பினால் முடிந்தது" என்றார். நாங்கள் ஏன் தற்செயலாக வந்தது போல வரவேண்டும் என்று அவருக்கு அரை மணித்தியாலம் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது பொய் போலப் பட்டது.

இருவரும் சேர்ந்திருக்கும் படம் கேட்டார்கள், இல்லை. கடிதங்கள் கேட்டார்கள். மூன்று இருந்தன, மூன்றும் வந்து சேர இரண்டு மாதம் எடுத்தவை. அவற்றில் ஒன்றிலும் அன்பே என்றோ கண்ணே என்றோ இல்லை. ஒன்றில் தன் பள்ளிக்கூடப் பரீட்சை முடிவுகளை எழுதியிருந்தாள். உறவை நிரூபிக்க இது போதாது என்று தபால் வந்தது. ஒரு பதிவுச் சான்றிதழ் இருந்திருந்தால், ஒரு தாள், எல்லாம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிறகு ஐப்பசி கடைசியில், வலிகாமம் வெளிக்கிட்ட அந்த நாள் வந்தது. கொழும்புக்குத் தொலைபேசி அடித்துப் பார்த்தோம். வெளிக்கிட்டவர்கள் போய்த் தங்கிய கொடிகாமத்தில் பள்ளிக்கூடம், கோயில், மரத்தடி எல்லாம் சனம் என்றார்கள். பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. அண்ணை வேலைக்குப் போய் வருகிறார், சாப்பிடுகிறார், அடுத்த வருடப் பிறந்தநாளுக்கு மேசை சொல்கிறார். அவருக்கும் அதே அம்மாதான். ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பிறந்தநாளுக்கு அடுத்த நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடடா" என்றார்.

என்னால் அட்டவணை போட முடியவில்லை. மாசிக்கு யாருக்கு எந்த நாள் என்று எழுதத் தொடங்கினால் கை நின்றுவிடுகிறது.

6

மேலே உள்ளவற்றை எழுதி இரண்டு கிழமை. முடிவு தெரியாமல் பத்திரிகைக்கு அனுப்ப மனமில்லாமல் வைத்திருந்தேன்.

நேற்றுக் காலை ஏழு மணி. வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அபி எடுத்தாள். "சித்தப்பா, ஒரு ஆன்ரி. தமிழ்" என்றாள்.

"நான் வதனி. வவுனியாவிலையிருந்து கதைக்கிறன். மூண்டு நிமிசம்தான், நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

நான் கையிலிருந்த மற்றச் சப்பாத்தைக் கீழே வைத்தேன்.

"உங்கடை அம்மா என்னோடைதான். நல்லாயிருக்கிறா. அண்டைக்கு மழையுக்கை வெளிக்கிடேக்கை அவவின்ரை வீட்டுப் பக்கத்தாலை வந்து கூட்டிக்கொண்டு வந்தனான். சைக்கிள் கரியரிலை வைச்சு உருட்டினது. கொடிகாமத்திலை பதினெட்டு நாள் இருந்தம். பிறகு கடல் கடந்து, இப்ப இஞ்சை ஒரு பள்ளிக்கூடத்திலை, முகாமிலை இருக்கிறம். கொழும்புக்கு விடுறதெண்டா சொந்தக்காரர் ஆராவது வந்து பொறுப்பெடுக்கவேணுமாம்."

"உம்மடை அப்பா, அம்மா?"

"அவை கொடிகாமத்திலை நிண்டிட்டினம். உங்கடை அம்மாவின்ரை கண் வருத்தத்தைக் காட்டித்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ் கிடைச்சது."

கதைக்கத் தொடங்கியவன் அந்தப் பழைய அட்டவணைக்காரன்தான். "மார்கழியிலை எனக்கு லீவு எடுக்கலாம். இருபத்திமூண்டாந் திகதிக்குப் பிறகு ஒரு சீட்டுப் பாத்து, கொழும்பிலை ஒருத்தரை ஒழுங்குபடுத்தி..." என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் குறுக்கிடவில்லை. நானாகவே நிறுத்தினேன்.

"முகாம் பதிவிலை அம்மாவுக்கு நான் என்ன முறை எண்டு கேட்டவை" என்றாள். "மருமகள் எண்டு எழுதுவிச்சிருக்கிறன். கலியாணத் துண்டு கேட்டவை, அவர் கொண்டு வருவார் எண்டு சொன்னனான். நாளைக்கும் கேப்பினம், நாளையிண்டைக்கும் கேப்பினம். அது பொய்யெண்டு அவைக்கு விளங்க முதல் வாங்கோ."

நான் ஓம் என்றேன். வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் தொடர்பு நின்றுவிட்டது.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அண்ணையோடு சேர்ந்து பயண முகவரிடம் போனேன். எந்தத் திகதிக்கு என்று அந்தப் பெண் கேட்டாள். எந்த விமானம் முதலில் போகிறதோ அது என்றேன். இதை விமான நிலையத்தில் இருந்து எழுதுகிறேன். திரும்பி வரும் சீட்டு இன்னும் வாங்கவில்லை.